நாலு இடத்துக்கு எட்டுப் பேர்

செய்தி வந்தபோது நான் சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்கிற வீட்டுக் கிழவியை, இந்தச் சிசிலி வழக்கப்படி, அம்மா என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிடுவேன். பகல் பன்னிரண்டரை. அந்த வீட்டில் பன்னிரண்டரைக்கு முதல் கரண்டி வாய்க்குப் போய்விட வேண்டும். பிந்தினால் சிஞ்ஞோரா வாயைத் திறக்கமாட்டா. மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. பேரன் நிரோஷன். வேலை நேரத்தில் அவன் எனக்கு எடுப்பதில்லை.

"அம்மம்மா," என்றான்.

"என்னடா, சொல்லன்."

"கோச் செத்துப்போனார், அம்மம்மா. காலமை கிரவுண்டிலை கோடு கீறிக்கொண்டு நிண்டவராம். அப்பிடியே நிலத்திலை இருந்திட்டார். அம்புலன்ஸ் வரேக்கை முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டு மிச்சச் சூப்பையும் பருக்கினேன். ஒன்பது கரண்டி இருந்தது. சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினா. கடைசியில், "யார்?" என்று தன் பாஷையில் கேட்டா. "என் தம்பி," என்றேன். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை என்பது அவவுக்குத் தெரியும். ஆனாலும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. அப்படியே நித்திரையாகிவிட்டா. நான் கையை இழுக்காமல் இருந்தேன். சொல்லி அழ யாருமில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு எழுதித் தரும்படி கோச் யோகனின் மனைவி வசந்தி என்னிடம் கேட்டபோது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படித்தவர்கள் எழுதட்டும் என்றேன்.

"படிச்ச ஆக்கள் எல்லாரும் நல்ல மனுசன் எண்டு ரண்டு வரி எழுதித் தந்திட்டினம், அக்கா," என்றாள் வசந்தி. "நீங்கள்தான் அவரோடை சண்டை பிடிச்சனீங்கள். நீங்கள் எழுதுங்கோ."

அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தினாள். மற்றப் பிழைகள் என்னுடையவை.

யோகேஸ்வரன் என்ற யோகனை உங்களில் பலர் கோயிலிலும் கடையிலும் கண்டிருப்பீர்கள். அதிகம் கதைக்காத, கறுத்த, தோள் அகன்ற மனிதர். பத்தொன்பது வருடமாக ஒரு விளையாட்டு மைதானத்தைக் காவல் காத்துத் துப்புரவாக்கியவர். அவருடைய இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. அந்த மைதானத்தில் அமெரிக்க ஆட்டம் ஆடும் ஒரு குழு இருக்கிறது. நாங்கள் காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல இது. தலைக்கவசம் போட்டு, கையால் பந்தை எறிந்து, ஆளை ஆள் விழுத்துகிற ஆட்டம். அந்தக் குழுவின் முன்வரிசைக்கு அவர்தான் கோச்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு, எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். எதிரணியில் பந்தை எறிகிறவன் ஒருவன் இருப்பான். நான் அவனை எறிகாரன் என்பேன். அவன் எறிய முதல் அவனிடம் ஓடிப் போய் விழுத்த வேண்டும். அதற்கு எங்கள் முன்வரிசையில் நாலு பேர். அவர்களை மறிக்க எதிரணியில் ஐந்து மலைகள் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்த மலைகளைத் தள்ளி, சுற்றி, குனிந்து, புகுந்து போக வேண்டும். ஆட்டத்தை நாலு கால் பங்காகப் பிரித்து ஆடுவார்கள். மூன்றாம் கால் முடிய நாலு பேருக்கும் நாக்கு வெளியே வந்துவிடும். பிறகு எறிகாரன் ஆறுதலாக நின்று எறிவான். எங்கள் குழு வருடக் கணக்காகக் கடைசிக் காலில்தான் தோற்றுவந்தது.

கோடு கீறிக்கொண்டே யோகன் இதைப் பார்த்துவந்தார். ஒருநாள் தலைமைக் கோச்சிடம் போய், "நாலு பேரை வைச்சுக்கொண்டு இதைச் செய்யேலாது. நாலு இடத்துக்கு எட்டுப் பேர் வேணும்," என்றாராம். தலைமைக் கோச் சிசிலிக்காரர், பகிடிக்காரர். "நாலு நல்லவனைத் தேடவே எனக்கு நாலு வருடம் போனது. நீ எட்டுப் பேரைக் கொண்டுவா, முன்வரிசையையே உனக்குத் தருகிறேன்," என்று சிரித்தாராம்.

யோகன் கொண்டுவந்தார். எங்கிருந்து என்றால், வேலை முடிந்து வருகிறவர்களிடமிருந்து. வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி தூக்குகிறவன், மொண்டெல்லோ உணவகத்தில் கோப்பை கழுவுகிற அண்ணன் தம்பி, மாடிப்படி கூட்டுகிறவன். நாலு பேர் எங்கள் பிள்ளைகள், மூன்று பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள். எட்டாவது ஆள் சிவென் என்ற மொரீஷியஸ்காரன். சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிற வேலை. பருத்த உடம்பு. தமிழ்ப் பெயர்தான், ஆனால் தமிழ் வராது. பயிற்சிக்கு எப்போதும் பிந்தித்தான் வருவான். வந்தால் கையெல்லாம் பழத்தோல் மணக்கும். இவர்களில் ஒருவனாலும் எல்லாப் பயிற்சிக்கும் வர முடியாது. ஆனால் எட்டுப் பேரில் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். அதுதான் யோகனின் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் எங்கே படித்தார் என்று எங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் வீட்டு வேலை செய்கிற எங்களிடம் எழுதாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒருத்தி ஊருக்குப் போனால் இன்னொருத்தி அவள் வேலை செய்கிற வீட்டைப் பிடித்து வைத்திருப்பாள். போனவள் திரும்பி வந்த அன்றே வீட்டுத் திறப்பை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். சிஞ்ஞோராவே, "நீயே நின்றுவிடு," என்றாலும் நிற்கக் கூடாது. நின்றவளோடு கோயில் வாசலில்கூட ஒருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. யோகன் இதைத்தான் மைதானத்துக்குள் கொண்டுபோனார். "இடம் ஒருத்தன்ரையும் இல்லை. பிடிச்சு வைச்சிருக்கிறம். உள்ளுக்குப் போனவன் திருப்பிக் குடுக்கோணும், வெளியிலை வந்தவன் மூஞ்சையை நீட்டக் கூடாது," என்பார். நாலு முறை ஓடியதும் மாற்றுவார். களைத்தவனை மாற்றுவதில்லை, களைக்கப் போகிறவனை மாற்றுவார். "களைச்சாப்பிறகு வாறது விழுகிறது. மூச்சிருக்கேக்கை வாறதுதான் விளையாட்டு."

இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியவை. முதலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பேரன் நிரோஷன் முன்வரிசையில் முதல் ஆள். இங்கே பிறந்து, இந்தக் காற்றில் வளர்ந்து, இந்த ஊர்ப் பிள்ளைகளே பெயர் சொல்லிக் கத்துகிற ஆள். எனக்கு அதில் பெரிய பெருமை. இப்போதும் பெருமைதான், அதை மறைக்கவில்லை. இரண்டு பஸ் மாறி, மகளும் மருமகனும் வராவிட்டாலும், நான் தனியாகப் போய்ப் பார்வையாளர் மேடையின் மூன்றாம் வரிசையில் இருப்பேன். பார்க்க வருகிறவர்கள் மொத்தம் முப்பது பேர்தான். அதில் சேலை கட்டினவள் நான் ஒருத்தி.

சண்டை பிடித்த நாள் இதுதான். இரண்டாம் காலில் நிரோஷன் ஒரு மலையைக் கையால் தட்டிவிட்டுப் புகுந்து போய் எறிகாரனை விழுத்தினான். மேடையே எழும்பியது. அடுத்த நிமிடம் யோகன் வெளியில் நின்று உள்ளங்கையால் தன் தலையில் இரண்டு முறை தட்டினார். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். அவன் இடத்துக்குச் சிவென் போனான். போன உடனேயே சிவெனைச் சுற்றிக்கொண்டு ஓடி எதிரணி புள்ளி எடுத்தது. இடைவேளைக்கு நான் இறங்கிப் போய் வேலிக் கம்பியைப் பிடித்தேன்.

"தம்பி யோகன்! என்ரை பேரன் என்ன பிழை விட்டவன்?"

"ஒரு பிழையும் விடேல்லை, அக்கா."

"விழுத்தினவனை இருத்திப்போட்டு, உந்தத் தடியனை விட்டிருக்கிறீர். அவன் மரம் மாதிரி நிக்கிறான்."

"சிவென் இண்டைக்கு மூண்டாந்தரம்தான் இறங்கினவன். விழுந்து எழும்பட்டும்."

"அவன் விழுந்து எழும்ப என்ரை பிள்ளை வெளியிலை வாங்கிலை குந்தவோ?"

"கடைசிக் காலுக்கு எனக்கு நிரோ வேணும், அக்கா. இப்பவே பிழிஞ்செடுத்தால் அப்ப ஆரைக் கேக்கிறது?"

அது எனக்குக் கோபத்தைக் கூட்டியது. "அதென்ன தலையிலை கையை வைச்சு வைச்சுக் கூப்பிடுறீர்? செத்த வீடோ இது? பிள்ளையள் விளையாடுற இடத்திலை தரித்திரம் பிடிச்ச வேலை!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

நிரோஷன் ஓடி வந்து கெஞ்சினான். "அம்மம்மா, பெர் ஃபவோரே, வீட்டை போங்கோ. எல்லாரும் பாக்கினம்."

போய்விட்டேன். அன்று எங்கள் குழு வென்றது. கடைசிக் காலில் எதிரணி மலைகள் இடுப்பில் கைவைத்து நிற்க, நிரோஷன் இரண்டு முறை எறிகாரனை விழுத்தினானாம். நான் அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருந்தேன்.

அடுத்த மாதம், பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. எங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால் அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யோகன் குடும்பத்தின் பெயர் எழுதிய கார்ட்டை எடுத்து அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். மகள் கேட்டதற்கு, கொடுத்தாயிற்று என்றேன். பொய். விழா முடிந்து இரண்டாம் நாள் நிரோஷன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பயத்தம்பணியாரம். "கோச் தந்தவர், தங்கச்சிக்கு," என்றான். நான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. என் பெருமை அப்படி.

சில வாரம் கழித்து ஊரிலிருந்து போன். என் ஒரே தங்கச்சி படுத்த படுக்கையாகிவிட்டாள், கண் விழிக்கும் போதெல்லாம் என்னைக் கேட்கிறாள் என்றார்கள். நான் போக வேண்டும். போனால் என் வீட்டை யார் பிடித்து வைப்பது? மற்றவர்களுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. எனக்குத்தான் கேள்வி. ஏனென்றால் பதினொரு வருடமாக நான் ஒருத்தியையும் அந்த வீட்டுக்குள் விட்டதில்லை. காய்ச்சலோடும் போனேன், கால் வீங்கியும் போனேன். "நான் இல்லாட்டி சிஞ்ஞோரா சாப்பிடமாட்டா," என்று கோயிலில் நாலு பேர் கேட்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது உண்மையாகிவிட்டது. ஒரு மாதம் நிற்காவிட்டால் வேறு ஆளை நிரந்தரமாகப் பார்ப்பேன் என்றா இந்த நாட்டின் வடக்கில் இருக்கிற சிஞ்ஞோராவின் மகள். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். நிரோஷன் அதைக் கண்டுவிட்டான்.

அடுத்த நாள் பின்னேரம் கதவு தட்டிய சத்தம். யோகனும் வசந்தியும். உள்ளே வாருங்கள் என்றேன். யோகன் வாசற்படியில் நின்றே ஒரு தாளை நீட்டினார்.

"இதிலை எட்டுப் பேரின்ரை பேர் இருக்கு, அக்கா. காலமைக்கு ரண்டு பேர், பின்னேரத்துக்கு ரண்டு பேர். மற்ற நாலு பேர் மாறி மாறி. முதல் பேர் வசந்தி."

"சிஞ்ஞோரா புது ஆக்களிட்டைச் சாப்பிடமாட்டா, தம்பி."

"அப்ப எப்பிடிச் சாப்பிடுவா எண்டு எழுதித் தாங்கோ."

சுவரில் தாளை வைத்து எழுதினேன். பன்னிரண்டரை பிந்தக் கூடாது. அரைக் கரண்டி. விழுங்கியதும் கண்ணை மூடுவா, திறக்கும்வரை பொறு. கதைத்துக்கொண்டு பருக்காதே. பதினொரு வருடம் ஒருவருக்கும் காட்டாத வித்தை நாலு வரியில் முடிந்துவிட்டது. யோகன் வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை.

"நிரோவும் உங்களை மாதிரித்தான்," என்றார். "வெளியிலை வந்தால் இடம் போயிடும் எண்டு பயம். இடம் எங்கையும் போகாது. போயிட்டு வாங்கோ."

நான் போய்ச் சேர்ந்து ஒன்பதாம் நாள், தங்கச்சி என் கையைப் பிடித்தபடி போனாள். அந்த ஒன்பது நாளும் யோகன் எனக்குத் தந்தது. இதை நான் அவரிடம் ஒருநாளும் இப்படிச் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

திரும்பி வந்த அன்று காலை வசந்தி திறப்பை என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே போனால் சிஞ்ஞோரா சன்னலோரம் இருக்கிறா, கன்னம் பூசினாற்போல். எட்டுப் பேர் பருக்கி நிறை கூடியிருந்தது! எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்றைக்குத்தான் நீ களைப்பில்லாமல் வந்திருக்கிறாய்," என்றா.

அந்தச் சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியில் இருந்த கார்ட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சாமத்தியவீடு முடிந்து மூன்று மாதம். வேறென்ன கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. யோகன் கோடு கீறுகிற வண்டியை நிறுத்திவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்து, கார்ட்டை வாங்கினார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார்.

"நேரத்தோடை சொன்னது நல்லதாப் போச்சு, அக்கா," என்றார். "குடும்பத்தோடை வந்திடுறம்."

அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் கத்தினதிலை ஒண்டு சரி. நான் நிரோவைப் பிந்தித்தான் எடுத்தனான். அவன் முதலே களைச்சிட்டான். நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

"நான் களைப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

"கத்தேக்கை, 'கை விரிஞ்சு போச்சு பிள்ளைக்கு' எண்டு சொன்னனீங்கள்."

சொல்லியிருப்பேன். நிரோஷனுக்குக் களைத்தால் இடது கை விரல்கள் தானாக விரியும். தொட்டிலில் நித்திரையாகும்போதே அப்படித்தான். மற்றவர்களையும் கேட்டார், சொன்னேன். மீன் பெட்டி தூக்குகிறவனுக்குக் கழுத்து உள்ளே போகும். அண்ணன் தம்பியில் தம்பி வானத்தைப் பார்ப்பான். சிவென் காற்சட்டையை மேலே இழுப்பான். வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் வீட்டில் நின்று வேலை செய்தவளுக்கு, யாருக்கு எப்போது கால் ஓய்கிறது என்று தெரியாமல் போகுமா? ஆனால் அதை ஒரு வித்தை என்று என்னிடம் அதற்கு முதல் ஒருவரும் சொன்னதில்லை.

"மேலை இருந்து பாக்க உங்களுக்கு எனக்கு முதல் தெரியும்," என்றார். "தெரிஞ்சால் தலையிலை கையை வையுங்கோ. நான் பாப்பன்."

"தலையிலை கைவைச்சுக்கொண்டு இருக்கிறது கூடாது, தம்பி."

"இந்த ஆட்டத்திலை அதுக்கு அர்த்தம், மாத்துங்கோ எண்டுதான். துக்கம் எண்டில்லை."

இரண்டு பருவம் நான் அந்த வேலை செய்தேன். மூன்றாம் வரிசை, இடது பக்கம். நான் கையைத் தூக்குவேன். கீழே யோகன் அண்ணாந்து பார்ப்பார். உடனே தன் தலையில் தட்டுவார். ஒருவன் வருவான், ஒருவன் போவான். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. இந்த ஊரில் இருபத்தெட்டு வருடம் நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவள். என்னை, நான் என்ன நினைக்கிறேன் என்று அறிய, அண்ணாந்து பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். வீட்டில் மகள் வேலைக்கு, மருமகன் வேலைக்கு, சிஞ்ஞோரா நித்திரைக்கு. கிழமையில் அந்த இரண்டரை மணித்தியாலம்தான் நான் தனியாக இல்லாத நேரம்.

மழை பெய்து ஆட்டம் நின்ற ஒருநாளை மறக்க முடியாது. எனக்கு அறிவிக்க யாருக்கும் நினைவு வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், மைதானத்தில் யோகன் மட்டும். மேடையின் கூரைக்குக் கீழே இருந்து, என் போத்தல் தேத்தண்ணியை இருவரும் குடித்தோம். அவர் கீறிய வெள்ளைக் கோடெல்லாம் மழையில் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் பாக்காமலே எத்தினை வருசம் உந்தக் கோட்டைக் கீறினன்," என்றார். துக்கமாகச் சொல்லவில்லை. "நாளைக்குத் திருப்பிக் கீறுவன்."

"நாலு இடத்துக்கு எட்டுப் பேரைப் பிடிச்சீர். உம்மடை இடத்துக்கு ஆர்?" என்று கேட்டேன்.

தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். "அதுதான் இன்னும் கிடைக்கேல்லை, அக்கா. வாங்கிலை இருந்து ஆட்டத்தைப் பாக்காமல் மற்றவன்ரை களைப்பைப் பாக்கிற ஒருத்தன் வேணும். தேடிக்கொண்டிருக்கிறன்."

தேடி முடிக்கவில்லை.

இறுதிக் கிரியைக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கொஞ்சத் தூரம் நடந்ததும், யாரும் ஒன்றும் சொல்லாமல், மற்ற நாலு பேர் தோள் கொடுத்தார்கள். பிறகு மைதானத்து அறையில் அவருடைய சாமான்களை எடுக்க வசந்தியோடு நானும் போனேன். கோடு கீறும் வண்டிக்கு மேலே, சுவரில், பேத்தியின் சாமத்தியவீட்டுக் கார்ட் ஒட்டியிருந்தது. அதை நாங்கள் எடுக்கவில்லை. அவர் விழுந்த இடத்தில் கோடு பாதியில் நின்றது.

அவர் இல்லாத முதல் ஆட்டம் போன ஞாயிறு நடந்தது. போவதில்லை என்றுதான் இருந்தேன். போய் என்ன செய்வது? நான் கையைத் தூக்கினால் பார்க்கக் கீழே ஆள் இல்லை. நிரோஷன்தான், "வாங்கோ, அம்மம்மா," என்றான்.

மூன்றாம் வரிசை, இடது பக்கம் போய் இருந்தேன். முன்வரிசையைத் தலைமைக் கோச்தான் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவருடைய கண் பந்தோடு ஓடுகிறது. மாற்றுகிறார், பிந்தி மாற்றுகிறார். மூன்றாம் கால் நடுவில் நிரோஷனின் இடது கை விரல்கள் விரிவதைக் கண்டேன். என்னை அறியாமல் என் கை தலைக்குப் போய்விட்டது. கீழே பார்த்தேன். யோகன் நிற்கிற இடத்தில் ஒரு தண்ணீர்ப் பெட்டி இருந்தது. தலைமைக் கோச் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கையை இறக்கியிருக்கலாம். இறக்க மனம் வரவில்லை. இறக்கினால் அவரும் போய்விடுவார் போல இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு தாய் என் தோளைத் தொட்டு, "சிஞ்ஞோரா, தலை சுற்றுகிறதா? தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டா.

"இல்லை," என்றேன். "வேலை செய்கிறேன்."

அப்போதுதான் கண்டேன். வாங்கின் கடைசியில், எப்போதும் இருக்கிற இடத்தில், சிவென் இருந்தான். எல்லோரும் பந்தைப் பார்க்க, அவன் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பருவம் எல்லோரையும் விட அதிக நேரம் அந்த வாங்கில் இருந்தவன் அவன். யோகன் எப்போது அண்ணாந்து பார்த்தார், எதைப் பார்த்தார் என்று அவனுக்குத் தெரியாதா? தமிழ் வராவிட்டாலும், நான் தடியன் என்று கத்தியதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். எழும்பி நின்றான். தன் உள்ளங்கையால் தலைக்கவசத்தில் இரண்டு முறை தட்டினான். மைதானத்துக்குள் இருந்த நிரோஷன் அதைக் கண்டு, முகத்தை நீட்டாமல், வெளியே நடந்து வந்தான். சிவென் உள்ளே போனான். அவன் எறிகாரனை விழுத்தவில்லை. ஆனால் இந்த முறை அவனை ஒருவராலும் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. நாலு முறை நின்று பிடித்தான். காற்சட்டையை மேலே இழுத்தான். நான் கையைத் தலையில் வைத்தேன். வாங்கில் இருந்த நிரோஷன் என்னைப் பார்த்தான்.

தம்பி யோகன், நீர் தேடின ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைக்கிறேன். அவனுக்கு உம்முடைய பெயரைத் தவிர வேறு தமிழ் வராது. ஆட்டம் முடிந்ததும் மண்டரின் பழப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

என்னிடம் மிஞ்சியிருப்பவை இவை. எட்டுப் பெயர் எழுதிய உம்முடைய தாள். அது சிஞ்ஞோரா வீட்டுக் குசினிச் சுவரில் இருக்கிறது. வியாழனும் ஞாயிறும் இப்போது வேறு இரண்டு பேர் வந்து பருக்குகிறார்கள். நான் மூச்சிருக்கும்போதே வெளியே வருகிறேன். பிறகு, மூன்றாம் வரிசையில் ஓர் இடம். அது என்னுடையது இல்லை. பிடித்து வைத்திருக்கிறேன்.